ஓட்டைக் கூட்டம்

தாரகை கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தக் கூட்டத்துக்கு அழைப்பில் நீளமான பெயர் ஒன்று போட்டிருப்பார்கள். யாரும் அதைச் சொல்வதில்லை. ஓட்டைக் கூட்டம் என்றால்தான் ஓசூர் ஆலையில் வாசல் காவலாளி வரைக்கும் புரியும். அடுத்த வருடத்து லேப்டாப்புக்கு அச்சு வெட்டுவதற்கு முன்னால், அதன் உடம்பில் எந்த ஓட்டை இருக்கலாம், எது போகலாம் என்று தீர்மானிக்கிற கூட்டம். மேஜை நடுவில் மரத்தில் செய்த மாதிரி லேப்டாப் ஒன்று இருக்கும். ஒவ்வொரு ஓட்டைக்கும் யாராவது எழுந்து வக்காலத்து வாங்க வேண்டும். வாதம் எடுபடவில்லை என்றால், தலைவர் சிதம்பரநாதன் ஒரு வெள்ளை மெழுகு உருண்டையை எடுத்து அந்த ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கித் தேய்த்துவிடுவார். அத்தோடு அதன் கதை முடிந்தது. பிறகு எல்லோருக்கும் போண்டா வரும்.

காதில் மாட்டிக் கேட்பதற்கான வட்ட ஓட்டை அப்படித்தான் போனது. படத்தைப் பெரிய திரைக்கு அனுப்பும் அகல ஓட்டை போனது. மெமரி கார்டு செருகும் பிளவும், ஒரு காலத்தில் பென் டிரைவ் சொருகிய பழைய யூஎஸ்பியும் அடுத்தடுத்துப் போயின. ஒவ்வொன்று போனபோதும் அந்த வருடம் கொஞ்சம் பேர் கூச்சல் போட்டார்கள், மறு வருடம் மறந்துபோனார்கள். மின்சாரம்கூட இப்போது மேஜைமேல் வைத்தாலே ஏறிவிடுகிறது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, இடது ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு இருந்த டைப்-சி ஓட்டை. மற்ற கம்பெனிக்காரர்கள் அதையும் மூடி வெகுநாள் ஆகிவிட்டது. நாட்டில் இன்னமும் ஓட்டையோடு லேப்டாப் விற்பது தாரகை மட்டும்தான்.

இந்த வருடம் அந்த ஓட்டைக்கு எதிராகப் பேச வேண்டியவள் ஜெபராணி. அவளுக்கு இது புதிதல்ல. இணைப்புப் பிரிவின் தலைவி என்ற முறையில் முந்தைய ஓட்டைகளுக்கும் அவள்தான் பாடை கட்டினாள். அதனால் அவளுக்கு மெழுகு மேடம் என்று பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். அவளிடம் யாரும் வாயாட முடியாது, ஏனென்றால் கையில் கணக்கு வைத்திருப்பாள். விற்பனையான ஒவ்வொரு தாரகையும், தன் ஓட்டைகளில் எது எப்போது பயன்பட்டது என்பதை நெட் வழியாகக் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். "இதை யாரும் தொடறதே இல்ல சார், வீணா தூசியும் தண்ணியும் போற வழி" என்று திரையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கணக்குக்கு முன்னால் அழுகை எடுபடாது என்பது அவள் கட்சி.

ஆனால் இந்த முறை கூட்டத்துக்கு நாள் குறித்ததிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. காபி வாங்கி வைத்துவிட்டு மறந்தாள், ஆடை படிந்த பிறகு அதையே குடித்தாள். எழுதி முடித்த உரையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். காரணத்தை வெளியே சொல்ல வழியில்லை. அவள் தம்பி செல்வின் பேசுவது அந்த ஓட்டை வழியாகத்தான்.

செல்வின் கபடி வர்ணனைக்காரன். சாத்தான்குளம் பக்கத்து ஊர்களில் மேட்ச் என்றால் ஆட்டக்காரர்களைப் பிடிப்பதற்கு முன்னால் அவனைப் பிடிப்பார்கள். அவன் மைக்கை எடுத்தால் தோற்கிற அணிக்காரனும் சிரித்துவிடுவான். ஒரு பைக் விபத்தில் தலைக்குள் ரத்தம் கட்டி, அந்த வாய் மொத்தமாக அடைத்துப்போனது. எல்லாம் புரியும், நினைப்பு தெளிவாக ஓடும், ஒரு வார்த்தை வெளியே வராது. பிறகு ஆபரேஷன் செய்து, மூளையில் பேச்சுக்கான இடத்தில் ஒரு சின்ன மின்னணுச் சில்லைப் பதித்தார்கள். அவன் சொல்ல நினைப்பதை அது பிடித்துக் கழுத்தில் கட்டிய பட்டைக்கு அனுப்பும். பட்டை அவனுடைய பழைய குரலிலேயே பேசும். பட்டையைக் கட்டிய அன்று அவன் முதலில் சொன்ன வார்த்தை "ரைடு!" என்பதுதான். ஜெபராணி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அதிலிருந்து அவன் அக்கா வீட்டில்தான், மேட்ச் என்றால் ஊருக்குப் போய்வருவான்.

அந்தச் சில்லில் ஒரு தொந்தரவு உண்டு. மூளை என்றைக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை, நாளாக ஆகத் தடம் மாறும். சில மாதங்களுக்கு ஒருமுறை காதுக்குப் பின்னால் இருக்கும் முனையில் கேபிளை மாட்டி, மறுமுனையை லேப்டாப்பில் சொருகி, திரையில் வரும் சொற்களை அவன் மனதுக்குள் வாசிக்க வேண்டும். சுருதி சேர்ப்பது என்று அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர். சேர்க்காமல் விட்டால் எழுத்துகள் முதலில் ஒன்றுக்கொன்று மாறும், பிறகு சொற்கள் குழையும், கடைசியில் முனகல் மட்டும் மிஞ்சும். சில்லைச் செய்த கம்பெனி திவாலாகி மூடிவிட்டது. பழையதை எடுத்துவிட்டுப் புதிது வைக்க எந்த டாக்டரும் சம்மதிக்கவில்லை. தொட்டால் இருப்பதும் போய்விடும் என்றார்கள். வீட்டில் இருந்த தாரகையோ பாதித் திரை செத்து, இன்றோ நாளையோ என்று கிடந்தது. அது போனால் இன்னொன்று வாங்க வேண்டும், அதில் ஓட்டை இருக்க வேண்டும். இல்லையென்றால் தம்பி மறுபடியும் ஊமை.

இதைக் கம்பெனியில் ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை. சொன்னால் சொந்தக் காரியத்தை ஆபீஸ் காரியமாக்குகிறாள் என்பார்கள். வேறு யாராவது இப்படி வந்து நின்றிருந்தால் அவளே அதைத்தான் சொல்லியிருப்பாள்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் சுருதி சேர்க்க உட்கார்ந்தார்கள். கேபிள் கடைகளில் கிடைப்பதில்லை. செல்வினுடையது இரண்டு இடங்களில் சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றி ஒட்டியது. அவன் நெட் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேபிளைச் சொருகினான். கண்கள் திரையில் ஓடின. ஜெபராணி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். முடிந்ததும் அவன் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டினான்.

"என்னக்கா, குட்டி போட்ட பூனை கணக்கா நடக்குத? பக்கத்துல நீ நடந்தா எனக்கு எப்பிடி வாசிக்க ஓடும்?"

"வியாழக்கெழம கூட்டம்ல. இந்த ஓட்டைய மூடணும்னு நான்தான் எந்திரிச்சுப் பேசணும்."

"மூடக் கூடாதுன்னு பேசு. வாய் உன்னுது. என்னுதுதான் கடன் வாங்குனது."

"எதை வச்சுப் பேச? ஒருத்தரும் தொடுறதில்லன்னு கணக்கு சொல்லுது. எந்தம்பிக்கு வேணும்னா சொல்ல முடியும்?"

பட்டை கரகரவென்று சிரித்தது. "ஒருத்தரும் தொடுறதில்லையா? அப்ப நான் யாரு? உன் கணக்குல என்னையக் காட்டு பாப்போம்."

விளையாட்டாகத்தான் கேட்டான். அவளும் விளையாட்டாகத்தான் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து அவனுடைய மெஷின் எண்ணைத் தட்டினாள். திரையில் வந்த வரியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. விற்ற நாளுக்குப் பிறகு அந்த மெஷின் நெட்டுக்கு வரவே இல்லை. வெகுகாலம் வராத மெஷின்களைக் கெட்டுப்போனவையாகக் கருதிக் கழித்துவிட வேண்டும் என்பது கணக்கின் விதி. அந்த விதியைப் போட்டவள் ஜெபராணி.

"என்னவாம்?" என்று எட்டிப் பார்த்தான் செல்வின். "குப்பைக்குப் போயிட்டுன்னு போட்டிருக்கு? உசுரோட உக்காந்திருக்கவன குப்பையில போட்டுட்டியேக்கா!"

"நீ நெட்டே போடுறதில்லையால இதுல?"

"போட்டா லேப்டாப் நடுவுல அது சோலியப் பாக்கப் போயிருமே. ஒரு கண்ணு சிமிட்டுத நேரம் தவறுனா சொல்லு அம்புட்டும் குழம்பிரும். சில்லுக்காரன் சொல்லித்தந்த மொதப் பாடமே அதான். மேலூரு ஷகிலா பானு டீச்சரும் அப்பிடித்தான், எங்க சில்லு குரூப்புல எல்லாரும் அப்பிடித்தான்."

ஜெபராணி லேப்டாப்பை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேபிள் போடுகிறவன் நெட்டை அணைத்துவிட்டுப் போடுகிறான். கணக்கு நெட் வழியாக வருகிறது. அப்படியானால் இத்தனை வருடமாக அவள் யாரை எண்ணினாள்? மெழுகு வைத்து மூடிய மற்ற ஓட்டைகளும் நினைவுக்கு வந்தன.

வியாழக்கிழமை சிதம்பரநாதன் மெழுகை உருட்டிக்கொண்டே உற்சாகமாக ஆரம்பித்தார். அவர் நல்ல மனிதர். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்து கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்.

"என்னம்மா, பேசறீங்களா, இல்ல நேரா அமுக்கிடட்டுமா? போண்டா ஆறிடும்."

"சார், கணக்கு தப்பு" என்றாள் ஜெபராணி.

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அந்த அறை கேட்டதில்லை. விஷயத்தைச் சொன்னாள். "நாம வாசல்ல நின்னுகிட்டு, வெளிய வர்றவங்களை மட்டும் எண்ணறோம் சார். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கறவங்களை எண்ணல. எண்ணாததால அவங்க இல்லன்னு முடிவு பண்ணிட்டோம்."

சிதம்பரநாதன் மெழுகை மேஜைமேல் வைத்தார். "நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா இருக்காங்க இருக்காங்கன்னா போதுமா? ஆளைக் காட்டணும்ல? ஒரே ஒரு ஆளையாவது காட்டுங்க."

பேசாமல் உட்கார்ந்திருக்கலாம் என்று பிற்பாடு பல தடவை நினைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"என் தம்பி இருக்கான் சார்" என்றாள்.

தீர்ப்பை ஒத்திவைத்து, அடுத்த வாரம் செல்வினைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். வழக்கமாக மேட்ச்சுக்குப் போடும் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் கிழட்டு லேப்டாப்பை அக்குளில் இடுக்கியபடி அவன் வந்தான். சுவரில் இருந்த பெரிய திரையில் தாரகையின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நெட்டைப் போடுல" என்று தம்பியின் காதில் சொன்னாள் ஜெபராணி.

"போடக் கூடாதுல்லா?"

"சுருதி சேக்க வேண்டாம். சும்மா சொருகு போதும். எண்ணிக்கை ஏறுறத அவங்க கண்ணால பாக்கணும்."

அவன் தயங்கினான், அவளே கையை நீட்டி நெட்டைப் போட்டாள். கேபிள் உள்ளே போனது. சுவரில் இருந்த பூஜ்யம் ஒன்றாக மாறியது. அறையில் யாரோ கை தட்டினார்கள். செல்வின் கேபிளைக் கழற்றிவிட்டு எழுந்தான். எழுந்தால் அவன் சும்மா இருக்க மாட்டான்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! இதோ, வெள்ளை மெழுகு அணியின் தலைவர் கோட்டைத் தாண்டி உள்ளே வருகிறார். கையில் உருண்டை! எதிரே தன்னந்தனியாக நிற்கிறது ஒரு சின்னஞ்சிறு ஓட்டை. சுற்றி வளைக்கிறார்... கட்டைவிரலை நீட்டுகிறார்... தொட்டுவிடுவாரா? தொட்டுவிடுவாரா? அடடா, தலைவருக்கு மூச்சு விட்டுப்போச்சு! நடுவர் விசில்!"

சிதம்பரநாதன் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. கழற்றியவர் கண்ணையும் துடைத்துக்கொண்டார். "இந்த வாயையா மூடப் பார்த்தேன்?" என்று மெழுகை எடுத்து டப்பாவுக்குள் போட்டு மூடினார். ஓட்டை இருக்கும் என்று தீர்ப்பாயிற்று. செல்வினுக்கு இரண்டு தட்டு போண்டா; குரூப்புக்குச் சொல்லணும் என்றபடியே சாப்பிட்டான். சட்டப் பிரிவு மிருணாளினி மட்டும் தன் தட்டைத் தொடவில்லை. அவள் செல்வின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"இதை மாட்டிக்கும்போது டாக்டர் யாராவது கூட இருப்பாங்களா?"

"நானும் எங்கக்காவும்தான் மேடம். டாக்டருக்கு எங்க போவேன்?"

மிருணாளினி தலையாட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜெபராணிக்குத் தரையில் கால் பாவவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஓட்டையைக் காப்பாற்றியிருக்கிறாள். அதுவும் பொய் சொல்லாமல், கெஞ்சாமல், உண்மையை மட்டும் சொல்லி. செல்வினின் குரூப்பிலும் சேதி பரவியது. நம்மையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று அவரவர் கழுத்துப் பட்டையால் பேசிப் பதிவுகள் அனுப்பிக்கொண்டார்கள்.

இருந்தும் அவளுக்குள் ஏதோ உறுத்தியது. மிருணாளினி சாப்பிடாமல் வைத்துவிட்டுப் போன தட்டு கண்ணுக்குள் நின்றது. அடுத்த சில வாரங்களில் நடைவழியில் பார்த்தபோதெல்லாம் மிருணாளினி சிரித்துவிட்டு வேகமாகக் கடந்துபோனாள். ஒரு திங்கட்கிழமை தானே கூப்பிட்டனுப்பினாள்.

"உக்காருங்க ஜெபா. ஓட்டை இருக்கும், அதுல மாத்தமில்ல. ஆனா இனிமே செஞ்ச கம்பெனியோட அத்தாட்சி உள்ள பொருளை மட்டும்தான் அது உள்ள விடும். அடையாளம் தெரியாத பொருளைச் சொருகினா கண்டுக்காது. இன்னைக்குக் காலையில நெட் வழியா எல்லா மெஷினுக்கும் அந்த மாத்தம் போயாச்சு. பழசு, புதுசு எல்லாத்துக்கும்."

"சில்லு செஞ்ச கம்பெனியே இப்ப இல்லையே. அத்தாட்சிக்கு அவன் எங்க போவான்?"

மிருணாளினி மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினாள். "தெரியும்" என்றாள் பிறகு.

"தெரிஞ்சேவா?"

"நாளைக்கு நம்ம லேப்டாப்பால ஒருத்தர் மூளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? இத்தனை நாள் இப்படி ஒண்ணு நடக்குதுன்னே நமக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் அது வாங்கினவங்க பாடு. தெரிஞ்சப்புறம் நம்ம பாடு. அன்னைக்கு அந்த ரூம்ல இருந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோச்சு ஜெபா. நீங்கதானே காட்டினீங்க?"

"என் தம்பி மெஷின் ஒண்ணுக்காவது விட்டுடக் கூடாதா?"

"கேட்டுப் பார்த்தேன். நீங்க நம்ப மாட்டீங்க, ரெண்டு தடவ கேட்டேன். தெரிஞ்சே விட்டோம்னு ஆயிடும்னுட்டாங்க."

மிருணாளினியைத் திட்டவும் ஜெபராணிக்கு வாய் வரவில்லை. இந்த நாற்காலியில் தானே இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்போம் என்ற நினைப்பு அவளைச் சுட்டது. வெளியே ஓடி, படிக்கட்டில் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஏல, லேப்டாப்புல நெட்டு அணைஞ்சிதான கெடக்கு?"

"எங்க அணைஞ்சுது? அன்னைக்கு நீ போட்டதுதான். பழைய மேட்ச்சு எல்லாம் கெடைக்குக்கா அதுல. ராப்பகலா பாத்துட்டுக் கெடக்கேன்."

"அணைல! இப்பவே அணை!"

"அணைச்சாச்சு. என்னத்துக்கு இப்பிடிக் கத்துத?"

"கேபிளச் சொருகிப் பாரு."

கேபிளை எடுத்துச் சொருகும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும் பிடுங்கிச் சொருகும் சத்தம்.

"அடையாளம் தெரியாத பொருளுன்னு வருதுக்கா" என்றான் செல்வின். "என்னையவா சொல்லுது?"

ஜெபராணி படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவனை எண்ண வேண்டும் என்று நெட்டைப் போட்டது அவள் கை. அவனைக் கண்டுபிடித்துப் பூட்டியதும் அதனால்தான். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால், குப்பைக் கணக்கிலேயே விட்டிருந்தால், அந்தக் கிழட்டு மெஷின் ஓடும் வரைக்காவது அவன் பேசியிருப்பான். அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பூட்டை உள்ளிருந்து உடைக்க அவளால் ஆகவில்லை. அதன் சாவி ஒரு தனி ஆளிடம் இல்லை. பல பேர் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் திறக்கும்படி வைத்திருந்தார்கள். பொங்கலுக்குள் செல்வினின் பேச்சு குழைய ஆரம்பித்தது. 'பட்டி' என்று சொல்ல நினைத்தால் 'மட்டி' என்று வந்தது. ஒரு மேட்ச்சில் கூட்டம் சிரித்தது. அவன் வர்ணனைக்குச் சிரிக்கும் சிரிப்பு அல்ல அது. அன்றைக்கு மைக்கை வைத்துவிட்டு வந்தவன் வீட்டில் வாயே திறக்கவில்லை. கடைசியில் மேலூருக்கு பஸ் ஏறினார்கள்.

ஷகிலா பானு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கும் அதே சில்லு, அதே பட்டை. அவளுடைய தாரகை ஒருநாளும் நெட்டைப் பார்த்ததில்லை. சமையலறைப் பரணில், அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அதை இறக்கித் துடைத்துக் கொடுத்தாள். செல்வின் கேபிளைச் சொருகினான். ஓட்டை ஒன்றும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. அவன் வாசித்து முடிக்கும் வரை ஜெபராணி வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"உக்காருங்க மேடம்" என்றாள் ஷகிலா பானு. பட்டையிலிருந்து வந்த குரலில் வகுப்பறை மிடுக்கு இருந்தது. "நம்மளையும் கணக்குல சேர்த்துட்டாங்கன்னு தம்பி சொன்னப்ப நான் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் குடுத்தேன். இனிமே இந்த வீட்டுக்கு அவரு எப்ப வேணும்னாலும் வரட்டும். இது அவருக்கும் சேர்த்துத்தான். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நாங்க இருக்கோம்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஜெபராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கையெழுத்தும் அத்தாட்சியும் கேட்கிற ஆபீஸில் இருந்து வந்தவளுக்கு அதற்கு மேல் என்ன சொல்லிச் சத்தியம் செய்வது என்று தெரியவில்லை. பக்கத்து அறையில் செல்வின் பழைய குரலில் "ரைடு! ரைடு!" என்று கூவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் காலியாகிக்கொண்டிருந்தபோது, சிதம்பரநாதன் அவள் மேஜைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தப் பூட்டு விஷயம் எனக்கு மனசே ஆறலம்மா. ஒரு வழி யோசிச்சிருக்கேன். உங்க தம்பி மாதிரி வேற யார் யார் இருக்காங்கன்னு சொல்லுங்க. அவங்க பழைய மெஷினையெல்லாம் நாமளே போய் வாங்கிட்டு, ஆளுக்கு ஒரு புது தாரகை சும்மா குடுத்துடலாம். தெரிஞ்சும் அவங்களை அப்படியே விடறது பாவம் இல்லையா?"

மனதாரச் சொன்னார். அந்தப் புதிய தாரகையில் பூட்டு இருக்கும் என்பது அவருக்கும் தெரியும். அது இருப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஜெபராணியின் கால் மேஜைக்கு அடியில் ஆட ஆரம்பித்தது.

"வேற யாரும் இல்ல சார்."

"குரூப்புன்னு ஏதோ சொன்னாரே தம்பி?"

"அது கபடி குரூப் சார். இந்தச் சில்லு அவன் ஒருத்தனுக்குத்தான். நானும் விசாரிச்சுப் பார்த்துட்டேன். கணக்குல இருந்ததுதான் சரி, ஒருத்தரும் இல்ல."

இவ்வளவு சுளுவாகப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது. சிதம்பரநாதன் பெருமூச்சு விட்டார்.

"தம்பி எப்படி இருக்கார் இப்ப?"

பேசுகிறான் என்றால் எந்த மெஷினில் சுருதி சேர்த்தான் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி நேராக மேலூரில் ஒரு பரணுக்குப் போய் நிற்கும்.

"பேச்சு நின்னுபோச்சு சார்" என்றாள்.

அவர் முகம் இருண்டது. அந்த நேரம் பார்த்து மேஜைமேல் இருந்த போன் அதிர்ந்தது. திரை முழுக்கச் சிவப்புச் சட்டையில் செல்வின் சிரித்துக்கொண்டிருந்தான். சிதம்பரநாதன் குனிந்து பார்த்தார்.

"தம்பிதானே? கூப்பிடறாரே?"

"அப்பப்பக் கூப்பிடுவான் சார்" என்றாள் அவள். "பேச வராது. நான் எடுக்கறேனான்னு பாப்பான், அவ்வளவுதான்."

"எடுங்கம்மா. பாவம், எடுங்க." அவர் நகரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எடுக்காமல் விட்டால் அவன் மறுபடி மறுபடி கூப்பிடுவான். ஜெபராணி சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, போனை எடுத்துக் காதோடு வலிக்க வலிக்க அழுத்திக்கொண்டாள். விசில் சத்தம், மத்தளம், ஒரு பெருங்கூட்டத்தின் இரைச்சல், அதையெல்லாம் தாண்டி அவன் குரல்.

"அக்கா! பைனல்க்கா! நாசரேத்துக்காரனுவ கடைசி ரைடுல தூக்கிட்டானுவ! நான் சொன்ன சொல்லுக்கு ஊரே எந்திரிச்சு நின்னு கத்துதுக்கா, கேக்குதா உனக்கு? அடுத்த மாசம் தூத்துக்குடிக்குக் கூப்பிட்டிருக்காவ, பெரிய மேட்ச்சு, டிவியில எல்லாம் வருமாம்!"

டிவியில் வந்தால் அவன் பேசுவதைக் கம்பெனியே கேட்கும். வேண்டாம்ல, போகாதல என்று சொல்ல வேண்டும். எதிரே சிதம்பரநாதனின் கண்கள் கலங்கியிருந்தன. அவர் கையை நீட்டி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"ம்" என்றாள் ஜெபராணி.

"என்னக்கா, லைன்ல இருக்கியா? உனக்குச் சந்தோசமா இல்லியா?"

"ம்."

"அக்கா? என்ன ஆச்சு உனக்கு? ஏன் பேச மாட்டுக்க?"